கண்ணீர் அவிசுவாசமன்று

குழந்தைக்கு நீரிழிவு என்று மருத்துவர் கூறக் கேட்ட பெற்றோரின் உள்ளத்தில் முதலில் எழுவது, "நாங்கள் என்ன பாவம் செய்தோம்?" என்னும் கேள்வியே. உறவினரோ, "இனிப்பை அள்ளிக் கொடுத்தாய்" என்று தாயைப் பழிப்பர். இரண்டுமே உண்மையன்று.

சிறுவரைப் பெரும்பாலும் பற்றுவது முதல் வகை நீரிழிவு. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே வழிதவறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுவதால் இது தோன்றுகின்றது. பெற்றோரின் கவனக்குறைவால் வருவதன்று. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்களும் குற்றவாளியைத் தேடினர். ஆண்டவரோ அவனையும் குற்றப்படுத்தவில்லை, அவன் பெற்றோரையும் குற்றப்படுத்தவில்லை (அருளப்பர் 9). ஆகவே, அன்பார்ந்த பெற்றோரே, அப்பழியை இறக்கி வையுங்கள்.

"பிள்ளைதான் உயிரோடிருக்கிறானே, ஏன் அழுகிறீர்கள்?" என்போர் உண்டு. பிள்ளைக்கென மனத்தில் கட்டிவைத்த கவலையற்ற நாள்கள் பறிபோனதற்காகவே பெற்றோர் அழுகின்றனர். அழட்டும். இலாசரை உயிர்ப்பிக்கவிருந்த ஆண்டவரே அவன் கல்லறைக்குச் செல்கையில் கண்ணீர் சிந்தவில்லையா?

தாய் அழுவாள், தந்தை வாய்திறவாது வேலையில் மூழ்குவார். அவரது மௌனத்தை அன்பின்மையென்று மனைவி எண்ணலாகாது. அவளது கண்ணீரைக் கோழைத்தனமென்று கணவர் எண்ணலாகாது. ஊசி போடவும் சர்க்கரை அளவைப் பார்க்கவும் இருவருமே கற்றுக்கொள்வீர்களாக. இரவுச் செபத்திற்குப்பின் சற்றுநேரம் மனந்திறந்து பேசுங்கள். பிற பிள்ளைகளையும் அருகில் அழைத்து, நோய் இன்னதென்று விளக்குங்கள்.

ஒன்றை மட்டும் அஞ்சுங்கள். துயரம் சிலவேளை, "நோயே இல்லை" என்று நம்பச் செய்யும். அப்போது, ஊசியின்றிக் குணமாக்குவேன் என்பவரின் வாசலைத் தேடத் தோன்றும். 1922 சனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் லெனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்குமுன் இந்நோய் கண்ட குழந்தைகள் பிழைப்பதரிது. இன்றும் இன்சுலினை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து. நவநாள் செய்யுங்கள், நேர்ச்சை செலுத்துங்கள்; ஊசியை மட்டும் நிறுத்தாதீர்கள்.

பெண்பிள்ளையாயின், "நாளை யார் மணப்பார்?" என்றஞ்சி நோயை மறைப்பதும் உண்டு. பள்ளி ஆசிரியருக்கும் மறைக்கல்வி ஆசிரியருக்கும் கட்டாயம் சொல்லுங்கள். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் கண்டால் சர்க்கரை குறைந்திருக்கலாம். நினைவோடிருக்கும் பிள்ளைக்கு உடனே சர்க்கரை கரைத்த நீர் தரவேண்டும். நினைவிழந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரையவேண்டும். நற்கருணைக்கு முந்திய ஒருமணி நேர உபவாசம் நோயுற்றோரையும் அவர்களைப் பேணுவோரையும் கட்டுப்படுத்தாது என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் (எண் 919). ஆதலால் கோவிலிலும் தயங்காமல் உண்ணக் கொடுங்கள்.

பங்கு மக்களே, முதல் வாரத்தில் அவ்வீட்டில் கூட்டம் கூடும். மூன்றாம் மாதத்தில் ஒருவரும் வாரார். கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டைக் கண்டு அத்தாயின் கண்கள் மீண்டும் கலங்கும். அறிவுரை ஏதுமின்றி, அன்று சென்று அவளருகில் அமருங்கள்.