மெட்டு முதலில், தீர்ப்பு பிறகு

மெட்டு போடும் பழக்கம் உள்ள யாருடைய செல்போனையாவது வாங்கி, குரல் பதிவுகள் இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள். பத்து விநாடி, பதினைந்து விநாடி என்று துண்டு துண்டாக நிறையக் கிடக்கும். பல்லவியின் முதல் அடி இருக்கும். இரண்டாவது அடிக்குப் போகுமுன் "ச்சே" என்றொரு சத்தம் கேட்கும், அதோடு பதிவு நின்றிருக்கும். அந்த "ச்சே"யைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. டீ சூடாக இருக்கிறது, மெதுவாகவே போகலாம்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள் வரும். "எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு." "ரொம்ப சாதாரணமா இருக்கு." "என் குரல்ல கேட்கவே சகிக்கல." மூன்றும் தீர்ப்புகள். மூன்றும் உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒற்றை அடியை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. சரணம் ஒன்று வந்து சேர்ந்து, அது மேலே ஏறி, திரும்பப் பல்லவிக்கு இறங்கும்போதுதான் அந்த முதல் அடி எதற்காக அப்படிச் சாதாரணமாக இருந்தது என்பதே புரியும். தெருக் கிரிக்கெட்டில் பந்து வீசப்படுமுன்னே பேட்ஸ்மேன் தானாகவே விரலைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு நடந்துவிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது அந்த "ச்சே".

"அப்படியானால் சுயவிமர்சனமே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும், கறாராகவே வேண்டும். ஆனால் அதற்கு ஒரு நேரம் உண்டு. மெட்டு பிறக்கும் நேரமும் அதை எடைபோடும் நேரமும் தனித்தனியாக இருக்கவேண்டும். இரண்டையும் ஒரே நிமிடத்தில் செய்யப் போனால் முதலில் சாவது மெட்டுதான்.

இதற்கு மூளையிலேயே ஓரளவு தடயம் இருக்கிறது. 2008இல் அமெரிக்காவில் சார்லஸ் லிம்ப், ஆலன் பிரான் என்ற இரு ஆய்வாளர்கள் ஆறு தொழில்முறை ஜாஸ் பியானோ கலைஞர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்தார்கள். காந்தக் கருவி என்பதால் உள்ளே உலோகம் ஆகாது. 35 பிளாஸ்டிக் கட்டைகள் கொண்ட சின்ன கீபோர்டைச் செய்து கொடுத்தார்கள். முதலில் மனப்பாடம் செய்ததை அப்படியே வாசிக்கவேண்டும், பிறகு தோன்றியபடி கற்பனையாக வாசிக்கவேண்டும். கற்பனையாக வாசித்தபோது, முன்மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் செயல்பாடு குறைந்தது. நம்மை நாமே கண்காணிப்பது, திட்டமிடுவது, திருத்துவது போன்றவற்றோடு தொடர்புபடுத்தப்படும் பகுதி அது. அதே நேரத்தில் முன்மூளையின் நடுப்பகுதி சுறுசுறுப்பானது. தன்னைப் பற்றிச் சொல்வதோடும் தன்னை வெளிப்படுத்துவதோடும் அதை ஆய்வாளர்கள் இணைத்துப் பார்க்கிறார்கள்.

ஆறே பேரை வைத்துச் செய்த ஆய்வு. அதை வைத்து உலகத்துக்கே விதி எழுதிவிட முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆறு பேரும் ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்தவர்கள். எந்த விரல் எங்கே போகவேண்டும் என்பது கைக்குள் ஊறிப்போயிருந்தது. கண்காணிப்பைத் தளர்த்திய பிறகும் வாசிப்பு சிதறாமல் நின்றது அதனால்தான்.

கச்சேரியில் கற்பனாஸ்வரம் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தாளம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பாடுகிறவர் ராகத்தின் எல்லைக்குள் அந்த நொடியில் தோன்றும் ஸ்வரங்களைக் கோத்து, எடுப்புக்குச் சரியாக வந்து சேரவேண்டும். போன ஆவர்த்தனம் சரியாக அமையவில்லையே என்று நடுவில் நின்று வருந்தினால் இந்த ஆவர்த்தனமும் போய்விடும். கறாரெல்லாம் முன்னாலேயே நடந்தாகிவிட்டது. சரளி வரிசையிலும் அலங்காரத்திலும் வர்ணத்திலும் குரு திருத்தித் திருத்திச் சொல்லிக்கொடுத்த நாள்களில் நடந்தது. மேடையில் மனோதர்மம், வீட்டுக்குப் போனபிறகு மறுபடி கறார். மெட்டு போடுகிறவருக்கும் இந்த ஏற்பாடுதான் பொருந்தும்.

தீர்ப்பை ஒத்திப்போடத் தொழிலுக்குள்ளேயே சில உபாயங்கள் இருக்கின்றன. நம் சினிமா இசையில் தத்தகாரம் என்பார்கள். மெட்டுப் பிறந்தவுடன் வார்த்தைக்காகக் காத்திருக்காமல் "தன்னன தானனா" என்று பாடி வைத்துவிடுவார் இசையமைப்பாளர். பிறகு பாடலாசிரியர் அந்த அளவுக்குள் வார்த்தையைப் பொருத்துவார். "தன்னன" நல்ல வரியா கெட்ட வரியா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதனால்தான் அது பயன்படுகிறது. வார்த்தையின் தரம் பற்றிய கேள்வி ஒதுக்கிவைக்கப்படுகிறது, மெட்டு தடையில்லாமல் கடைசிவரை போகிறது.

லண்டனில் பாடகரும் இசையமைப்பாளருமான பால் மெக்கார்ட்னி செய்ததும் இதைத்தான். 'யெஸ்டர்டே' பாட்டின் மெட்டு தூங்கி எழும்போது அவர் மனத்தில் இருந்தது. இவ்வளவு இயல்பாக வருகிறதே, வேறு யாருடைய பாட்டோ என்று அவருக்கே சந்தேகம். நாம் சொல்லும் அதே "எங்கேயோ கேட்ட மாதிரி" சந்தேகம்தான். மெட்டைத் தூக்கி எறியாமல், முட்டைப் பொரியலைப் பற்றிச் சும்மா சில சொற்களைப் போட்டுப் பாடிக்காட்டி, இது உங்களுக்குத் தெரிந்த பாட்டா என்று பலரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். யாரும் உரிமை கொண்டாடவில்லை. உண்மையான வரிகள் பிறகு வந்தன, 1965 ஜூனில் பாட்டு பதிவானது. சந்தேகத்தை அவர் மறைக்கவும் இல்லை, அதற்குப் பயந்து மெட்டைக் கைவிடவும் இல்லை. ஊரில் விசாரிக்கவேண்டிய கேள்வியாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த உபாயம், கெடு. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1723இல் லைப்சிக் நகரத் தேவாலயங்களின் இசைப் பொறுப்பை ஏற்றார். தவக்காலம் போன்ற சில வாரங்கள் நீங்கலாக, ஞாயிறுதோறும் வழிபாட்டில் ஒரு கான்டாட்டா, அதாவது குரலும் வாத்தியங்களும் சேர்ந்த ஒரு நெடும்பாடல், ஒலிக்கவேண்டும். முதல் சில ஆண்டுகள் பெரும்பாலும் புதிதாகவே எழுதினார். அவர் எழுதிமுடிக்கும் தாள்களை உதவியாளர்கள் பிரதி எடுப்பார்கள், ஒத்திகை நடக்கும், ஞாயிறு வந்துவிடும். இன்று நமக்குக் கிடைத்திருப்பவை மட்டும் ஏறக்குறைய 200. "இது என் தகுதிக்கு ஏற்றதா?" என்று புதன்கிழமை உட்கார்ந்து யோசிக்க அந்த வேலையில் இடமே இல்லை.

நமக்கு அப்படித் தேவாலயம் எதுவும் கெடு வைக்கவில்லை என்றால் நாமே வைத்துக்கொள்ளவேண்டியதுதான். 2004இல் அமெரிக்காவில் பர் செட்டில்ஸ் என்பவர் தொடங்கிய 'பிப்ரவரி ஆல்பம் ரைட்டிங் மன்த்' என்ற முயற்சி அப்படிப்பட்டது. 28 நாள்களில் 14 பாட்டு, இரண்டு நாளுக்கு ஒன்று. வருஷத்துக்கு ஒரே பாட்டு எழுதுகிறவர் தன் பெயர், புகழ், எதிர்காலம் எல்லாவற்றையும் அந்த ஒன்றின் தலையில் ஏற்றிவிடுகிறார். 14 எழுதவேண்டியவருக்கு ஏழாவது பாட்டு சுமாராகப் போனாலும் எட்டாவது காத்திருக்கிறது. சுமாரான பாட்டு எழுதியும் உயிரோடு இருக்கலாம் என்று உடம்புக்குத் தெரிந்துபோகிறது. அது பெரிய பாடம்.

"பெரிய மேதைகள் தங்களைக் கடுமையாகத்தானே மதிப்பிட்டார்கள்?" என்று கேட்கலாம். ஆமாம். பேத்தோவனின் குறிப்பேடுகள் இன்றும் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குஸ்டாஃப் நோட்டபோம் அவற்றை ஆராய்ந்து எழுதியபோது உலகம் வியந்தது. புகழ்பெற்ற பல மெட்டுகள் முதலில் மிகச் சாதாரணமாக, சில சமயம் அசட்டுத்தனமாகவே தொடங்கியிருந்தன. அவர் அடித்தார், மாற்றினார், மறுபடி அடித்தார். ஆனால் சாதாரணமானதை முதலில் தாளில் இறக்கிவைத்தார். இறக்கிவைக்காததை எப்படித் திருத்துவது?

பிராம்ஸ் இன்னும் கடுமையானவர். தன் முதல் சிம்பனியின் முதல் பகுதிக்கு 1862 வாக்கிலேயே ஒரு வடிவம் எழுதிவிட்டார், சிம்பனி அரங்கேறியது 1876இல். 1873இல் நாலு நரம்பு வாத்தியங்களுக்கான நாலிசை வகையில் முதல் இரண்டு படைப்புகளை வெளியிடுமுன் அந்த வகையில் 20 வரை எழுதி ஒதுக்கித் தள்ளியதாக அவரே சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டு நாமும் அழித்துவிடலாம் என்று தோன்றலாம். கணக்கைச் சரியாகப் பாருங்கள். அவர் அழிப்பதற்கு 20 இருந்தன. தீர்ப்பு கடுமையாக இருந்தது, ஆனால் படைப்புக்குப் பின்னால் வரிசையில் நின்றது. நம் செல்போன் துண்டுகளுக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை.

இன்னொரு வாய் டீ குடியுங்கள். இனிமேல்தான் கஷ்டமான பகுதி: போட்ட மெட்டை நாலு பேர் முன்னால் வைப்பது.

ரஷ்ய இசையமைப்பாளர் ரஹ்மானினாஃபின் முதல் சிம்பனி 1897 மார்ச்சில் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியது. ஒத்திகை போதவில்லை, நடத்துநர் கிளாசுனோஃப் நடத்திய விதமும் சரியாக அமையவில்லை. சேசர் குயி என்ற விமர்சகர் கிழித்துத் தொங்கவிட்டார். ரஹ்மானினாஃபுக்கு அப்போது வயது 23. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அவரால் பெரிதாக எதையும் எழுத முடியவில்லை. 1900இல் நிகோலாய் தால் என்ற மருத்துவரிடம் போய்வந்தபிறகு மெல்ல மீண்டார். 1901இல் முழுமையாக ஒலித்த இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவை அந்த மருத்துவருக்கே காணிக்கையாக்கினார். ஆனால் அந்த முதல் சிம்பனியை மறுபடி ஒலிக்க விடவே இல்லை. 1943இல் அவர் இறந்தபிறகு, லெனின்கிராடில் கிடைத்த தனித்தனி வாத்தியப் பிரதிகளிலிருந்து அதை மீட்டு 1945இல் வாசித்தார்கள். இன்று உலகெங்கும் வாசிக்கிறார்கள்.

அந்த ஒரு மாலைக்குள் எத்தனை சங்கதிகள் கலந்திருந்தன பாருங்கள். ஒத்திகை, நடத்துநர், விமர்சகரின் ரசனை, எழுதியவரின் மனக்காயம். எல்லாவற்றையும் சேர்த்து 'படைப்பு மோசம்' என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள், படைத்தவரும் அதை ஏற்றுக்கொண்டார். காயத்தோடு இருக்கும்போது நாம் நமக்குச் சொல்லும் தீர்ப்பை நம்பக்கூடாது. கைதட்டல் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போது சொல்லும் தீர்ப்பும் அப்படித்தான்.

நம்மவர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. பாடுவதற்கு முன்னால், "தொண்டை சரியில்லை", "சும்மா விளையாட்டா போட்டது", "பெருசா ஒண்ணும் இல்ல" என்று முன்ஜாமீன் வாங்கிக்கொள்வது. அடக்கம்போலத் தெரியும். ஆனால் கேட்பவரின் காதுக்குள் நம் தீர்ப்பை முதலிலேயே ஊற்றிவிடுகிறோம். அவர் இனி பாட்டைக் கேட்கமாட்டார், குறையைத் தேடுவார். அல்லது நம்மைச் சமாதானப்படுத்தும் வேலை அவருக்கு வந்துவிடும். "அவையடக்கம் நம் மரபுதானே?" என்றால், கம்பர் செய்ததைப் பாருங்கள். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர், அதன்பின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களைத் தயங்காமல் பாடி முடித்தார். எடுத்துக்கொண்ட பொருளின் பெருமைக்குத் தலைவணங்கினார். இந்த வரி சரியில்லை, அந்த அடி சொதப்பல் என்று தன் செய்யுளைத் தானே காட்டிக்கொடுக்கவில்லை.

"என் குரல் சகிக்கல" என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. நாம் பாடும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமன்றி மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உள்காதுக்கு வருகிறது. எலும்பு வழியாக வருவதில் கனமான, தாழ்ந்த ஒலிகள் தூக்கலாக இருக்கும். பதிவில் காற்று வழி வருவது மட்டுமே பதியும். ஆகவே அது மெலிந்து, யாரோ பாடுவதுபோலக் கேட்கிறது. மற்றவர்கள் எப்போதும் கேட்பது அந்தக் குரலைத்தான், அவர்களுக்கு அதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. நம்முடையது பழக்கக் குறைவு. நிறையப் பதிவுசெய்து கேட்டால் தணிந்துவிடும்.

கேட்டவர்களிடம் என்ன கேட்பது என்பதும் முக்கியம். "நல்லா இருக்கா?" என்றால் "ம், நல்லாருக்கு" என்ற பதில்தான் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் ஒரு முறையை வகுத்தார். முதலில் கேட்டவர்கள் தங்களைத் தொட்டது எது என்று சொல்கிறார்கள். பிறகு படைத்தவர் தன் கேள்விகளைக் கேட்கிறார். அடுத்து, மற்றவர்கள் அபிப்பிராயம் கலக்காத கேள்விகளைக் கேட்கிறார்கள். அபிப்பிராயம் கடைசியில்தான், அதுவும் படைத்தவரின் அனுமதியோடு. இங்கேயும் தீர்ப்பு வரிசையின் கடைசியில் நிற்கிறது.

சரி, தீர்ப்பு எப்போது? பாட்டு முடிந்து, சில நாள் கேட்காமல் வைத்திருந்து, காது புதிதான பிறகு. முடிந்தால் வேறொருவரைப் பாடவைத்துக் கேளுங்கள். அப்போது எவ்வளவு கறாராக வேண்டுமானாலும் இருங்கள், ஆனால் பாட்டைப் பற்றி மட்டும் பேசுங்கள். "சரணம் நாலு அடி கூடுதல்", "அனுபல்லவி ஏறவேண்டிய இடத்தில் ஏறவில்லை", "இந்த வார்த்தை மெட்டில் உட்காரவில்லை" என்பவையெல்லாம் திருத்தக்கூடியவை. "எனக்கு இசை வராது" என்பதை எந்தக் கருவியாலும் திருத்த முடியாது. அது பாட்டைப் பற்றிய விமர்சனமே இல்லை.

டீ முடிந்துவிட்டது. இன்று ராத்திரி ஒரு துண்டை எடுத்து, தத்தகாரத்திலாவது சரணம் வரை கொண்டுபோய் முடித்துவிடுங்கள். யாருக்காவது போட்டுக்காட்டும்போது முன்னுரை எதுவும் சொல்லவேண்டாம். பாட்டு முடிந்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: "எந்த இடம் மனசுல நின்னுச்சு?" அவர் சொல்லும் இடம் பெரும்பாலும் நீங்கள் எதிர்பார்த்ததாக இருக்காது. அடுத்த பாட்டுக்கு வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.