பொரித்த எண்ணெயிலிருந்து டீசல் எரிபொருள்

தாச்சியில் பலமுறை காய்ந்து கறுத்த எண்ணெய் உணவுக்கு உதவாது. கழிவுநீர்க் கானில் ஊற்றப்பட்டாலோ ஆங்கு உறைந்து அடைப்பை உண்டாக்கும். எனினும் அதன்கண் அடங்கிய வெப்பசத்தி பெரும்பாலும் அழியாதேயிருக்கின்றது. அச்சத்தியை டீசற் பொறிக்கு ஏற்ற எரிபொருளாக மாற்றும் முறை பாடசாலை ஆய்வுகூடத்து அறிவுக்கு அப்பாற்பட்டதன்று. அதனாலேயே இதனை வீட்டிலும் செய்துகொள்ளலாம் என்னும் எண்ணம் பல நாடுகளிற் பரவியுள்ளது. அவ்வெண்ணம் கைகூடுவதும் கைகூடாமற் போவதும் எண்ணெயிலே செய்யப்படும் ஒரு சிறிய அளவீட்டிலேயே பெரிதும் தங்கியுள்ளன.

தாவர எண்ணெயாற் பொறியை இயக்குதல் புதிய கருத்தன்று. 1900 ஆம் ஆண்டிற் பாரிசு மாநகரில் நிகழ்ந்த உலகப் பொருட்காட்சியிலே சிறிய டீசற் பொறியொன்று நிலக்கடலை எண்ணெயால் இயக்கிக் காட்டப்பட்டது. 1990களில் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்தோர் அறிவர். அதே காலத்தில், பசிபிக் கடலிலுள்ள பூகன்வில் தீவினர், முற்றுகையால் எரிபொருள் அற்றுப்போகவே, தேங்காயெண்ணெயை ஊற்றித் தம் டீசல் வண்டிகளைச் செலுத்தினர். நெருக்கடிக்கு உதவியது நெடுங்காலத்துக்கும் உதவும் என்று கொள்ளுதல் கூடாது. எண்ணெயின் பிசுக்குமை டீசலினதைப் போலப் பத்து மடங்களவு உயர்ந்தது. ஆதலின் அது பொறியினுள் நுண்டுளிகளாகச் சிதறாது. அரைகுறையாக எரிந்து, விசிறு குழலின் வாயிலும் ஆடுதண்டின் வளையங்களிலும் கரியாகப் படியும்.

இக்குறையைத் தீர்க்கும் வழியைக் கண்டு 1937 இற் பெல்சிய நாட்டிற் காப்புரிமை பெற்றவர் புருசெல்சுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சவான் என்பவர். மறு ஆண்டில், செம்பனை எண்ணெயிலிருந்து இவ்வாறு பெற்ற எரிபொருளால் புருசெல்சுக்கும் உலூவெயினுக்குமிடையே பேருந்தொன்று ஓடியது. பொரித்த எண்ணெயையே மூலப்பொருளாகக் கொண்ட ஆய்வுகள் 1980களில் ஒசுத்திரியாவின் கிராசுப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தன. பின்னர் அந்நகரத்துப் பேருந்துகளே உணவகங்களில் மிஞ்சிய எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளில் ஓடலாயின.

இம்முறையின் இரசாயனம் எளிது. எண்ணெயின் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு கிளிசரோற் பகுதியையும் அதனோடு இணைந்த மூன்று கொழுப்பமிலப் பகுதிகளையும் உடையது. மெதனோல் என்னும் அற்ககோலைச் சேர்த்து, சோடியமைதரொட்சைட்டை ஊக்கியாகக் கொண்டால், கொழுப்பமிலங்கள் கிளிசரோலை விட்டு நீங்கி மெதனோலுடன் சேரும். இவ்வாறு பெறப்படும் மெதையில் எசுத்தரே உயிரி டீசல் எனப்படுவது. ஒரு பெரிய மூலக்கூறு மூன்று சிறியனவாகப் பிரிவதால் பிசுக்குமை குறைந்து டீசலினதை அணுகுகின்றது. கிளிசரோல் பாரமாகையால் அடியிற் சென்று தங்கும்.

இங்கேதான் பொரித்த எண்ணெய் தன் இயல்பைக் காட்டுகின்றது. வடையும் வாழைக்காயும் விட்ட நீரும், தாச்சியின் வெப்பமும் சேர்ந்து எண்ணெயின் ஒரு பகுதியைப் பகுத்துச் சுயாதீனக் கொழுப்பமிலமாக்குகின்றன. இவ்வமிலம் ஊக்கியாகச் சேர்க்கப்படும் காரத்தைத் தானே கவர்ந்து சவர்க்காரமாக மாறும். காரம் குறைந்தால் தாக்கம் நிறைவுறாது. மிகுந்தாலோ எண்ணெயும் சவர்க்காரமாகத் தொடங்கும். ஒரே பொருட்களை ஒரே பாத்திரத்திலிட்டு ஒருவர் எரிபொருளும் மற்றொருவர் சவர்க்காரக் கூழும் பெறுவதன் காரணம் இதுவே. எண்ணெயின் நிறத்தையோ மணத்தையோ கொண்டு அமிலத்தை மதிப்பிட முயல்வது வீண்.

அளக்கும் வழி நியமிப்பு ஆகும். ஒரு கிராம் சோடியமைதரொட்சைட்டைக் காய்ச்சிவடித்த நீரிற் கரைத்து ஒரு இலீற்றராக்குதல் வேண்டும். வேறொரு குடுவையில் 10 மில்லிலீற்றர் ஐசோபுரோப்பைல் அற்ககோலை எடுத்து, ஒரு மில்லிலீற்றர் எண்ணெயை அதிற் கரைத்து, சில துளி பினோத்தலீன் காட்டியைச் சேர்க்க வேண்டும். பின்னர் முன்னைய கரைசலை அளவியிலிருந்து துளிதுளியாக விட, இளஞ்சிவப்பு நிறம் தோன்றி அரை நிமிடமாவது நிலைக்கும் கட்டம் வரும். அதுவரை செலவான மில்லிலீற்றர் எத்தனையோ, ஒரு இலீற்றர் எண்ணெய்க்கு மேலதிகமாக வேண்டிய காரமும் அத்தனை கிராம் ஆகும். கரைசலின் ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் ஒரு மில்லிகிராம் காரம் இருத்தலால் கணக்கு இவ்வளவு எளிதாய் அமைகின்றது. புதிய எண்ணெய்க்கு இலீற்றருக்கு ஏறத்தாழ 3.5 கிராம் காரம் வேண்டும். நியமிப்பில் 2 மில்லிலீற்றர் செலவாயின், பொரித்த எண்ணெய்க்கு 5.5 கிராம் எடுக்கப்படும். செலவு ஐந்தைத் தாண்டின் அவ்வெண்ணெய் இவ்வெளிய முறைக்கு ஏற்றதன்று.

மேனாட்டு நூல்கள் பெரும்பாலும் ஒரு இலீற்றர் எண்ணெய்க்கு 200 மில்லிலீற்றர் மெதனோல் என்றே கூறும். சூரியகாந்தி முதலிய எண்ணெய்களுக்கு இது பொருந்தும். அவற்றின் மூலக்கூற்றுநிறை 880 அளவாகையால், தாக்கத்துக்கு வேண்டியது ஏறத்தாழ 125 மில்லிலீற்றரே. எஞ்சியது தாக்கத்தை முன்னோக்கித் தள்ள உதவும் மிகை. தேங்காயெண்ணெயின் மூலக்கூறோ சிறியது. அதன் நிறை ஏறத்தாழ 650. ஆகவே ஒரு இலீற்றரில் மூலக்கூறுகள் மிகுந்திருக்கும். தாக்கத்துக்கே 170 மில்லிலீற்றர் வரை தேவைப்படும். அதே அளவு மிகை வேண்டின் 270 மில்லிலீற்றர் சேர்த்தல் வேண்டும். தேங்காயெண்ணெயிற் பொரிக்கும் நம் நாட்டார் அந்நூல்களை அப்படியே பின்பற்றின் அரைகுறைத் தாக்கமே விளையும். தேங்காயெண்ணெய்க்கு ஒரு நன்மையும் உண்டு. எண்ணெய் மார்கழியில் உறைந்தாலும் அதன் எசுத்தர் உறையாது. செம்பனை எண்ணெயின் எசுத்தரோ 15 பாகை அளவிலேயே கலங்கத் தொடங்குமாதலால் நுவரெலியாவின் விடியற் குளிருக்கு ஆகாது.

செய்முறையில் முதலாவது, எண்ணெயை வடித்து, 100 பாகைக்கு மேற் காய்ச்சி நீரை அகற்றி, 55 பாகைக்கு ஆறவிடுதல். காரத்தை மெதனோலில் முற்றாகக் கரைத்த பின்னரே எண்ணெயுடன் சேர்க்க வேண்டும். மூடிய கலத்தில் ஒரு மணி நேரம் கலக்கி, ஓரிரவு அசையாது வைத்தால் இரண்டு படைகள் தெளிவாகப் பிரியும். அலுமினியப் பாத்திரம் கூடாது; காரம் அதனைத் தாக்கி ஐதரசனை வெளிவிடும்.

மெதனோலைப் பற்றி விரித்துரைத்தல் அவசியம். அது 65 பாகை அளவிற் கொதிப்பது. அறை வெப்பநிலையிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை விடுவது. அதன் சுவாலை பகலொளியிற் கண்ணுக்குப் புலப்படாது. 10 மில்லிலீற்றர் அளவு உட்சென்றாலும் பார்வை பறிபோகலாம்; அதனினும் சற்று மிகின் உயிரே போகலாம். தோலின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் அது உடலிற் சேரும். அடுப்பெரியும் குசினியிலோ, பிள்ளைகள் நடமாடும் விறாந்தையிலோ இதனைச் செய்தல் தகாது. குடிக்கும் பானங்களின் போத்தல்களில் அதனை வைத்தல் பெருங்குற்றமெனவே கொள்ளத்தக்கது. காற்றோட்டமான வெளியிடம், கண்ணாடிக் கவசம், கையுறை, தீயற்ற வெப்பமூட்டி ஆகியன இல்லாதார் இம்முயற்சியிற் புகாமலிருப்பதே நன்று.

மெதனோலுக்குப் பதிலாகப் பனஞ்சாராயத்தை வடித்துப் பயன்படுத்தலாகாதோ எனச் சிலர் வினவுவர். எதையில் அற்ககோலாலும் எசுத்தர் ஆக்கலாம்; சவான் செய்ததும் அதுவே. ஆனால் எத்தனை முறை வடித்தாலும் அதில் நூற்றுக்கு நான்கு பங்களவு நீர் எஞ்சியே நிற்கும். அந்நீர் மீண்டும் சவர்க்காரத்துக்கே வழிவகுக்கும்.

பிரித்தெடுத்த எசுத்தரை நீரால் மெல்லக் கழுவிச் சவர்க்காரத்தையும் எஞ்சிய மெதனோலையும் அகற்ற வேண்டும். முதற் கழுவலில் வேகமாகக் குலுக்கினால் மோர்போற் குழம்பிப் பல நாட்களுக்குப் பிரியாது நிற்கும். கழுவிய நீரிலும் கிளிசரோலிலும் மெதனோல் கலந்திருப்பதால், கிணற்று நீரையே நம்பியிருக்கும் குடாநாட்டிலே அவற்றை வளவில் ஊற்றுதல் எவ்வாற்றானும் ஏற்புடைத்தன்று. நீர் அகற்றிய எசுத்தரில் 3 மில்லிலீற்றரை 27 மில்லிலீற்றர் மெதனோலில் இட்டால் அது முற்றாகக் கரைதல் வேண்டும். அடியில் எண்ணெய்த்துளி தங்குமாயின் தாக்கம் நிறைவுறவில்லை.

செலவை நோக்கின், எண்ணெயின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலான மெதனோலை விலைகொடுத்தே வாங்க வேண்டும். அதுவும் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்து செய்யப்படுவதே. பிரித்தானியா 2007 இல் ஆண்டுக்கு 2,500 இலீற்றருக்கு உட்பட்டுச் செய்வோருக்கு எரிபொருள் வரிவிலக்கு அளித்தது வீட்டு முயற்சிகளுக்கு ஊக்கமாயிற்று. ஆயின் ஒரு குடும்பத்திற் சேரும் எண்ணெய் மிகச் சிறிது. விடுதிச் சமையலறைகளும் உணவகங்களும் திருமண மண்டபங்களும் தத்தம் எண்ணெயை ஓரிடத்திற் சேர்ப்பின், முறையான ஒரு கூடத்திற் பயிற்சி பெற்றவர் ஒவ்வொரு தொகுதியையும் நியமித்துச் செய்தல் இயலும்.

இவ்வெரிபொருளை முதன்முதலாக ஊற்றும்போது பழைய டீசல் தாங்கியில் ஒட்டியிருந்த அழுக்கை அது கரைத்து வடியிற் கொண்டு சேர்க்கும். சில நாட்களில் வண்டி இடைவழியில் நின்றுவிடின், எரிபொருளைக் குறைகூறுமுன் வடியை மாற்றிப் பார்க்க வேண்டும். இயற்கை இறப்பராலான குழாய்களும் இதில் ஊறி மென்மையாகும். பழைய வண்டிகளில் அவற்றை முன்னரே மாற்றிவிடுதல் நன்று.