குழாய்த் தண்ணீரை எண்ணும் ஒளிக்கண்

கொசஸ்தலையாறு எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. இதன் படுகையில் ஊறும் நிலத்தடி நீரே மீஞ்சூர் வட்டார விவசாயிகளுக்கு ஆதாரம். 1960-களின் இறுதியில் மீஞ்சூர், பஞ்செட்டி ஆகிய இடங்களில் குழாய்க் கிணறுகள் அமைத்து, மணலித் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் எடுக்கப்பட்டது. ஊறுவதைவிட இறைப்பது மிகுந்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. 1987-ல் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2019 முதல் கொடுங்கையூரில் சுத்திகரித்த கழிவுநீர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. ஆயினும் உப்பேறிய நிலத்தடி நீர் எளிதில் தேறாது.

எஞ்சிய நல்ல நீரை அளந்து இறைக்க வேண்டும். "மோட்டார் இரண்டு மணி ஓடியது" என்பது கணக்காகாது. நீர்மட்டம் இறங்க இறங்க, அதே இரண்டு மணியில் வரும் தண்ணீர் குறைந்துகொண்டே போகும். இதைக் காட்ட ஒரு சிறு மின்சுற்று போதும். பாகங்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். ரேடியோ பழுது பார்க்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் எளிதில் செய்துவிடுவார்.

உள்ளே சக்கரம் சுழலும், தெளிவான பிளாஸ்டிக் உடல் கொண்ட ஓட்டங்காட்டியைக் குழாயில் பொருத்த வேண்டும். அதன் ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்.இ.டி., எதிர்ப்பக்கம் போட்டோ டிரான்சிஸ்டர். சக்கரத்தின் இதழ் ஒளியை மறைத்து விலகும் ஒவ்வொரு முறையும் ஒரு மின்துடிப்பு உண்டாகும். மின்சாரம் 5 வோல்ட். செல்போன் சார்ஜரே போதும். எல்.இ.டி.யுடன் 330 ஓம், போட்டோ டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 10 கிலோ ஓம் மின்தடை சேர்க்க வேண்டும். துடிப்பு 74எச்.சி.14 என்ற ஐ.சி. வழியாகச் சென்றால் தடுமாற்றமின்றி எண்ணியில் பதிவாகும். மின்பாகம் எதுவும் தண்ணீரைத் தொடாததால் உப்பு நீர் அரிக்காது. கடலோரத்தில் இது பெரிய வசதி.

வெயில் பட்டால் போட்டோ டிரான்சிஸ்டர் ஏமாந்துவிடும். ஆகவே கருப்புக் குழாய்த் துண்டால் மூடவும், பாசியும் பிடிக்காது. சக்கரத்துக்கு முன் வடிகட்டி வேண்டும். குழாய் நிறைந்து ஓடும் இடத்தில்தான் பொருத்த வேண்டும். காற்றுக் குமிழிகளும் சக்கரத்தைச் சுழற்றிப் பொய்க்கணக்குக் காட்டும்.

அடுத்தது அளவு திருத்தம். இதைச் செய்யாத கருவி வெறும் பொம்மைதான். 200 லிட்டர் டிரம்மை மூன்று முறை நிரப்பி, துடிப்புகளின் சராசரியை எடுக்கவும். சராசரி 8,000 என்றால் லிட்டருக்கு 40 துடிப்பு. மிக மெதுவான ஓட்டத்தில் சக்கரம் திணறும். ஆகவே வழக்கமாக இறைக்கும் வேகத்திலேயே சோதிக்க வேண்டும்.

சொட்டுநீர்ப் பாசனம் வைத்திருப்போருக்குக் கூடுதல் பயன் உண்டு. மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான்கள் 500 இருந்தால், மணிக்கு 2,000 லிட்டர் ஓட வேண்டும். 1,500 காட்டினால் உப்போ பாசியோ அடைத்திருக்கலாம். 2,500 காட்டினால் எங்கோ குழாய் பிய்ந்திருக்கிறது.

இக்கருவி அளவைத்தான் சொல்லும், உப்பைச் சொல்லாது. கோடை முடிவில் கிணற்று நீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்க்கவும். 5 வோல்ட் கம்பிகளை மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் நுழைக்கவே கூடாது. மாதம் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றிக் கழுவி, டிரம் சோதனையை மறுபடி செய்து, புதிய எண்ணை நோட்டில் குறிக்கவும்.