பழவேற்காட்டு மீனவர் வாழ்க்கை

சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு ஏரி, நம் நாட்டு உவர்நீர் ஏரிகளுள் சில்காவிற்கு அடுத்தபடியாகப் பெரியது. டச்சுக்காரர் 1613-ஆம் ஆண்டில் இங்குக் கட்டிய கோட்டை இன்று புதர் மண்டிக் கிடக்கின்றது. கோட்டைக்குப்பத்து மீனவரின் தொழில்முறையோ இன்றும் அழியவில்லை.

அம்முறைக்குப் ‘பாடு’ என்று பெயர். துன்பம் என்று பொருள் கொள்ளற்க. வலை கட்டும் இடத்தையும் அதற்குரிய முறையையும் இங்கு அச்சொல் குறிக்கும். ஏரி கடலோடு கூடும் முகத்துவாரத்தின் அருகே இறால் மிகுதியாகக் கிடைக்கும். அவ்விடத்தை எல்லாரும் விரும்புவரன்றோ? ஆகவே, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊராரும் முறை வைத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கி இடங்களைப் பகிர்ந்துகொள்வர். வலியவன் நல்ல இடத்தைத் தனக்கே வளைத்துக்கொள்ள இயலாது. எனினும், பாட்டில் உரிமை பெறாத பிற மீனவர்க்கு இதனால் மனக்குறை உண்டு, பூசலும் நேர்ந்ததுண்டு. இருளர்களோ வலையின்றி, ஆழமற்ற நீரில் கையால் துழாவியே இறால் பிடிக்கின்றனர்.

இவர்கள் அனைவரின் உலையும் முகத்துவாரத்தையே நம்பியுள்ளது. மழை வெள்ளம் குறைந்தபின் அலைகள் மணலைக் குவித்து அதனை அடைத்துவிடும். கடலிலிருந்து இறாற்குஞ்சுகள் ஏரிக்குள் வாரா. அக்காலத்தில், சீட்டில் நல்ல இடம் வாய்த்தவனும் வெறுங்கூடையோடு கரையேறுவான்.