ஒல்லி உடம்பு, ஒளிந்திருக்கும் கொழுப்பு

தசை தெரிய வேண்டும் என்று ஜிம்முக்கு ஓடும் இந்தியர்களுக்குப் புனே இரண்டு பாடங்களை வைத்திருக்கிறது. ஒன்று மருத்துவமனையில், மற்றொன்று செம்மண் களத்தில்.

இரண்டு டாக்டர்கள். ஒருவர் புனே கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த நீரிழிவு நிபுணர் சித்தரஞ்சன் யாக்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யூட்கின். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்று சொல்லும் பி.எம்.ஐ. குறியீடு இருவருக்கும் ஒன்றேதான்: 22.3. எடை பார்க்கும் மெஷினை மட்டும் நம்பினால் இருவருமே கச்சிதமான உடம்புக்காரர்கள்.

ஆனால் உடலில் உள்ள கொழுப்பைத் தனியே அளக்கும் டெக்ஸா எக்ஸ்-ரே கருவி வேறு கதை சொன்னது. யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். யாக்னிக் உடம்பில் 21.2 சதவீதம். 2004 ஜனவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் இருவரும் தங்கள் படத்தோடு இந்தக் கணக்கையும் வெளியிட்டார்கள். குறிப்பில் கொஞ்சம் குறும்பும் இருந்தது. யூட்கின் மராத்தான் ஓடுபவர். யாக்னிக்கின் முக்கியமான உடற்பயிற்சியோ, தினமும் காலையில் ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் ஏறிக்கொள்வது.

இருவரின் பெயரிலும் முதல் எழுத்து ஆங்கிலத்தில் 'ஒய்'தான் என்பதால் மருத்துவ உலகில் இது 'ஒய்-ஒய் முரண்பாடு' என்று பெயர் பெற்றது. அந்தப் படத்தில் யாக்னிக் இருந்த இடத்தில் கோடிக்கணக்கான இந்தியர்களை நிறுத்தலாம். கையும் காலும் ஒல்லி, வயிறு மட்டும் ஒரு அடி முன்னால். சட்டை போட்டிருக்கும்வரை பிரச்சினை வெளியே தெரியாது.

இவர்கள் ஜிம்மில் சேரும்போது கேட்கும் வரம் ஒன்றுதான்: தசை வெளியே தெரிய வேண்டும். அந்த ஆசையைக் கேலி செய்ய வேண்டியதில்லை. கண்ணாடிக்காகத் தொடங்குகிற காரியம், அவர்களுக்கே தெரியாமல் சர்க்கரை நோய்க்கு எதிரான காரியமாகவும் இருக்கிறது.

கருவிலேயே தொடங்கும் கதை

இந்தியர்களின் உடம்பில் தசை ஏன் குறைவு? யாக்னிக் குழுவினர் இந்தக் கேள்வியைத் தாயின் வயிற்றிலிருந்தே ஆராய்ந்தார்கள். 1993-ல் புனேக்கு அருகே உள்ள ஆறு கிராமங்களில் தொடங்கிய ஆய்வு அது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ. இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளுக்கு 3.5 கிலோ. இந்தியக் குழந்தைகள் நோஞ்சான்கள் என்பதில் புதிதாக ஒன்றுமில்லை. எது குறைந்திருந்தது என்பதில்தான் ஆச்சரியம். தசையும் வயிற்று உறுப்புகளும் வெகுவாகச் சிறுத்திருந்தன. தோலுக்கடியில் உள்ள கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. போதிய ஊட்டமில்லாத கருப்பையில் வளரும் உடம்பு, தசையில் சிக்கனம் பிடித்துக் கொழுப்பைக் காப்பாற்றிக்கொள்கிறது. இந்தக் குழந்தைகளுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் 'ஒல்லியான கொழுத்த குழந்தை'.

இதில் அழகைவிடப் பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு தசைதான். கிடங்கு சிறிதாக இருந்தால் சரக்கு தெருவில் நிற்கும். சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் நீரிழிவு நோயாளிகள் சுமார் 10.1 கோடி. நோயின் வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடி.

லோகமான்யர் விட்ட ஒரு வருடம்

தசையின் அருமையைச் சொல்ல டெக்ஸா கருவி வரும்வரை புனே காத்திருக்கவில்லை. பழைய புனேயின் பேட்டைகளில் பேஷ்வா காலத்திலிருந்தே தாலீம்கள் உண்டு. நம் ஊர் சிலம்பக்கூடத்தைப் போல, மல்யுத்தமும் தேகப்பயிற்சியும் கற்றுத் தரும் இடங்கள். புளியமரத்தின் பெயரைத் தாங்கிய சிஞ்சேச்சி தாலீம் அவற்றில் ஒன்று. குருஜி தாலீம் என்ற பெயரைக் கேட்டால் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது பயில்வான்கள் அல்ல. புனேயின் விநாயகர் ஊர்வலத்தில் மூன்றாவதாக மரியாதை பெறும் பிள்ளையார்தான்.

தாலீமுக்குள் நுழைந்தால் எதிரே அனுமார். கீழே எண்ணெய், மோர், எலுமிச்சம்பழச் சாறு, மஞ்சள் எல்லாம் கலந்து பதப்படுத்திய செம்மண். இங்கே செய்யும் 'தண்ட்' நமக்குத் தண்டால். 'பைடக்' என்பது பஸ்கி. சுழற்றும் கட்டை நம்முடைய கர்லாக்கட்டைக்கு அண்ணன் தம்பி. கடைசி பேஷ்வாவான இரண்டாம் பாஜிராவின் உடற்பயிற்சி ஆசான் பாலம்பட் தாதா தேவ்தர் உயிர்கொடுத்த மல்லகம்பம் இன்று விழுப்புரம்வரை வந்துவிட்டது.

புனேயின் மிகப் பிரபலமான உடற்பயிற்சி மாணவர் ஒரு பயில்வான் அல்ல. பால கங்காதர திலகர். டெக்கான் கல்லூரியில் சேர்ந்தபோது அவர் நோஞ்சான். முதல் வருடத்தை ஏறக்குறைய முழுவதுமாக உடம்புக்கே ஒதுக்கினார். தேகப்பயிற்சி, மல்யுத்தம், நீச்சல் என்று இறங்கியதில் அந்த வருடப் பரீட்சையில் கோட்டை விட்டார். ஆனால் உடம்பு தேறியது. 1877-ல் முதல் வகுப்பில் பி.ஏ. பட்டமும் வந்தது.

கதை அங்கே முடியவில்லை. 1908 முதல் 1914 வரை மாண்டலே சிறையில் இருந்த திலகர் அப்போது ஒரு சர்க்கரை நோயாளி. சிறையில் உணவைக் கட்டுப்படுத்தியே அவர் காலம் தள்ள வேண்டியிருந்தது. இளமையில் கட்டிய உடம்பு ஆயுள் முழுவதற்குமான காப்பீடு அல்ல. தசை, கட்டிவிட்டுப் பூட்டிவைக்கும் வீடு மாதிரி இல்லை. அன்றாடம் தண்ணீர் கேட்கும் தோட்டம். முப்பது வயதைத் தாண்டினால், பராமரிக்காத தசை மெல்லத் தேய ஆரம்பிக்கும்.

எப்போது தெரியும்?

தசை வெளியே தெரிய இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். அடியில் தசை வளர வேண்டும். அதன்மேல் போர்த்திய கொழுப்பு மெலிய வேண்டும். தாலீமின் கனத்த பயில்வானுக்கு முதலாவது தாராளமாக உண்டு, இரண்டாவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. பட்டினி கிடந்து இளைப்பவருக்கு இரண்டாவது நடக்கிறது, ஆனால் காட்டுவதற்கு அடியில் ஒன்றும் இருக்காது. கொழுப்போடு தசையும் சேர்ந்து கரைவதால் அவர் சிறிய அளவிலான பழைய ஆளாகவே மிஞ்சுகிறார்.

தசை வளர, அது பழகியதைவிடச் சற்று அதிகமான சுமையைத் தர வேண்டும். இரும்புத் தட்டுகள்தான் வேண்டும் என்பதில்லை. இன்னும் இரண்டு முறைக்குமேல் முடியாது என்ற நிலைக்கு வரும்வரை செய்யும் தண்டாலும் பஸ்கியும் போதும். சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையையோ சுமையையோ கூட்ட வேண்டும். முதல் சில வாரங்களில் பலம் கூடும், கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. இருக்கிற தசையை முழுதாக வேலைவாங்க நரம்புகள் கற்றுக்கொள்ளும் காலம் அது. பெரும்பாலானவர்கள் ஜிம்மை விட்டு ஓடுவதும் இந்தக் கட்டத்தில்தான். கண்ணுக்குத் தெரியும் மாற்றத்துக்கு இரண்டு மூன்று மாதப் பொறுமை தேவை.

வயிற்றுக்கான பயிற்சியை மட்டும் நூறு முறை செய்தால் தொப்பை கரையும் என்பது நீண்டகால மூடநம்பிக்கை. கொழுப்பு எந்த இடத்திலிருந்து குறைய வேண்டும் என்பதை உடம்புதான் முடிவு செய்யும். கனம் தூக்கினால் ஆண்பிள்ளை உடம்பு வந்துவிடும் என்று பெண்கள் பயப்படுவதும் அப்படித்தான். அந்த அளவுக்குத் தசையைப் பெருக்கும் ஹார்மோன் அவர்களிடம் மிகக் குறைவு. வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைக்கான பயிற்சி, கூடவே 150 நிமிடமாவது வேக நடை போன்ற உழைப்பு: 2020-ல் உலக சுகாதார நிறுவனம் ஆண், பெண் இருபாலருக்கும் சொன்ன கணக்கு இது. ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

குறுக்கு வழியின் விலை

இரண்டு மாதம் காத்திருக்க முடியாதவர்களுக்கென்றே ஒரு சந்தை இருக்கிறது. ஆபரேஷனின்போது ரத்த அழுத்தம் இறங்கிவிட்டால் போடும் மெஃபென்டர்மின் ஊசி மருந்தை ஜிம் இளைஞர்களுக்குச் சட்டவிரோதமாக விற்றவர்களைச் சமீப ஆண்டுகளில் புனே போலீசார் கைது செய்திருக்கிறார்கள். அந்த ஊசி தசையை வளர்ப்பதில்லை. களைப்பை மறைத்து இதயத்தை விரட்டுகிறது, கூடவே அடிமையாகவும் ஆக்குகிறது. ஸ்டீராய்டு உண்மையிலேயே தசையை வளர்க்கும்; ஆனால் அதன் விலையை இதயமும் ஈரலும் ஆண்மையும் கட்ட வேண்டியிருக்கும்.

புரத பவுடர் அந்த அளவுக்கு வில்லன் அல்ல. ஆனாலும் தசைக்காக அதை வாங்க வேண்டாம் என்றே ஹைதராபாதின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்கிறது. சாதாரணமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும். தீவிரமாகப் பயிற்சி செய்பவருக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். தட்டில் சோறு மலையாகவும் பருப்பு ஓடையாகவும் இருக்கும் வழக்கத்தை மாற்றி பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் ஆகியவற்றுக்கு இடம் கொடுத்தாலே பெரும்பாலானோருக்குக் கணக்கு சரியாகிவிடும்.

கருப்பையில் இழந்ததை முழுவதுமாகத் திரும்பப் பெற முடியாமல் போகலாம். ஆனால் உழைப்பு கொடுத்தால் எந்த வயதிலும் தசை வளர்கிறது. அது வெளியே தெரிகிறதோ இல்லையோ, சர்க்கரையை வாங்கி வைக்க உள்ளே கிடங்கு பெரிதாகிறது. அதற்கு முதல் காரியமாகப் புனேயின் தாலீமைத் தேடிப் போக வேண்டியதில்லை. லிஃப்டின் கதவு மூடினால் மூடட்டும். பக்கத்திலேயே படிக்கட்டு இருக்கிறது.