பெரட்டுக் களத்திலிருந்து போர்ப் பாசறைக்கு

எலப்புள்ளி:

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் வழியில் உள்ளது எலப்புள்ளி. ராமச்சேரி இட்லியைக் கேள்விப்படாத தமிழர் இந்தப் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். அந்த ராமச்சேரி எலப்புள்ளிப் பஞ்சாயத்தைச் சேர்ந்ததுதான். பானை வாயில் துணி கட்டி, விறகு அடுப்பில் அந்த இட்லியை அவிக்கும் முதலியார் குடும்பங்களின் முன்னோர் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள். பிழைப்பு தேடி ஊர்விட்டு ஊர் வந்த கதை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. ஆனால் இட்லிக்குக் கிடைத்த பெயர் எல்லாக் கதைகளுக்கும் கிடைத்துவிடவில்லை.

பிழைப்புக்காகப் புறப்பட்ட எல்லாரும் வாளையாறு தாண்டி மேற்கே வரவில்லை. பல லட்சம் தமிழர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிக் கிழக்கே போனார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்கள் அவர்கள் உழைப்பில் வளர்ந்தன. அந்தத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்கள் சிலர், இரண்டாவது உலகப் போரின்போது பால்மரம் சீவும் உளியைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினார்கள்.

அதுதான் நேதாஜியின் ஜான்சி ராணிப் படை.

அந்தப் படையின் தலைவியை நாடு அறியும். படையில் அணிவகுத்து நின்ற தோட்டத்துப் பெண்களை யார் அறிவார்? வரலாற்று நாவல் எழுதுகிறவர்களாவது அவர்களைத் தேடிப் போனார்களா? இந்தக் கேள்வி புத்தகம் எழுதுகிறவர்களுக்கு மட்டும் உரியதல்ல. பிழைப்புக்காக எல்லை கடந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரியது.

ஆனக்கரையின் பேத்தி

தலைவி நமக்குத் தூரத்து ஆள் அல்ல. எலப்புள்ளி பாலக்காடு ஜில்லாவின் கிழக்கு ஓரம் என்றால், மேற்குக் கோடியில் குற்றிப்புரத்துக்குப் பக்கத்தில் இருப்பது ஆனக்கரை. அங்கே வடக்கத்து வீட்டில் பிறந்தவர் அம்மு சுவாமிநாதன். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தவர். 1952 தேர்தலில் திண்டுக்கல் தொகுதியிலிருந்து லோக்சபைக்குப் போனவர். அவருடைய கணவர் சுவாமிநாதன், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த சென்னை வக்கீல். இவர்களுடைய மகள்தான் கேப்டன் லட்சுமி. நடனக் கலைஞர் மிருணாளினி சாராபாய் இன்னொரு மகள்.

லட்சுமி 1914 அக்டோபர் 24 அன்று சென்னையில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1938-இல் டாக்டர் ஆனார். 1940-இல் சிங்கப்பூர் சென்று அங்கே மருத்துவம் பார்த்தார். அவரிடம் வந்தவர்களில் பலர் ஏழை இந்தியத் தொழிலாளர்கள்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அடுத்த ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில் நேதாஜி அங்கே வந்தார். பெண்களுக்கென்று தனிப் படை வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னார். ஜூலை 12 அன்று நடந்த பெண்கள் கூட்டத்தில் இருபது பெண்கள் துப்பாக்கி ஏந்தி அவருக்கு அணிவகுப்பு மரியாதை செய்தார்கள். ஏற்பாடு டாக்டர் லட்சுமியுடையது. தனிப் படைக்கும் அவரே தலைவியானார்.

அக்டோபர் 21 அன்று நேதாஜி ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தார். அதில் பெண்கள் நலத் துறை அமைச்சர் லட்சுமி. மறுநாள் சிங்கப்பூரில் ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

உளி பிடித்த கைகள்

முகாமுக்கு வந்த பெண்கள் யார்? வசதியான வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் அப்படி வந்தவர்; அப்போது வயது பதினெட்டு. ஈப்போவிலிருந்து ராசம்மாவும் அவருடைய சகோதரி பொன்னம்மாவும் வந்தார்கள். இவர்கள் படித்தவர்கள்.

மற்றவர்களில் பெரும்பங்கு தோட்டத்துப் பெண்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பலர் மலாயாவிலேயே பிறந்தவர்கள்; எந்த நாட்டின் விடுதலைக்காகச் சேர்ந்தார்களோ அந்த நாட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. படையில் மொத்தம் ஆயிரம் பேர் வரை இருந்தார்கள் என்று பல நூல்கள் சொல்கின்றன. அண்மையில் ஆராய்ந்தவர்கள் ஐந்நூறுக்குள் என்று கணக்கிடுகிறார்கள்.

தோட்டத்து வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை மூணாறு மலையில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். கங்காணி ஆள் எண்ணுவார். ஆணைவிடப் பெண்ணுக்குக் கூலி குறைவு. துரை வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். 'பெரட்டு' என்பதே 'பரேடு' என்ற சொல் தோட்டத்து நாக்கில் திரிந்து வந்ததுதான்.

அப்படிப் பெரட்டில் நின்று பழகிய பெண்கள், காக்கிச் சட்டையும் கால்சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு நிஜமான பரேடில் நின்றார்கள். துப்பாக்கி சுடவும், இருட்டில் நெடுந்தூரம் நடக்கவும் கற்றார்கள். உத்தரவுகள் ஹிந்துஸ்தானியில் வந்தன. அதையும் கற்றுக்கொண்டார்கள். ஆண் காவல் இல்லாமல் முகாமைத் தாங்களே காவல் காத்தார்கள்.

ஏன் சேர்ந்தார்கள்? நேதாஜியின் பேச்சு ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று சொன்னால் பாதிக் கதையைத்தான் சொன்னதாகும். யுத்தத்தில் ரப்பர் ஏற்றுமதி நின்றுபோய்த் தோட்டங்கள் முடங்கின. அரிசி கிடைக்கவில்லை, மரவள்ளிக் கிழங்கே சாப்பாடு. அந்நியச் சிப்பாய்களை நினைத்து வயதுப் பெண்கள் பயந்து கிடந்தார்கள். வீட்டு ஆண்களை வேலைக்கென்று ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களில் திரும்பி வராதவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

அதே தண்டவாளம்

அந்த ஆண்கள் போன இடம் சயாம். அங்கிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் வேலை முடிந்தது. காடும் மலையும் குடைந்த அந்தப் பாதையில், காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அடியிலும் ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள். வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் அறுபதாயிரம் பேர். பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர். இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் வரை இருக்கலாம் என்பது கணக்கு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

சயாமின் காஞ்சனபுரியில் அந்தப் போர்க் கைதிகளுக்குப் பெரிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சுமார் ஏழாயிரம் பேர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். கல்லுக்குக் கல் பெயர் உண்டு. தமிழ்த் தொழிலாளிக்கு அப்படி ஒரு கல் இல்லை.

1944-இல் ராணிப் படையினர் பர்மாவுக்குப் புறப்பட்டார்கள். சரக்கு வண்டிகளில் ஏறி அவர்கள் போனது இதே தண்டவாளத்தின் மீதுதான்.

ஒரு நாவலாசிரியர் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. ஒரு தோட்டத்தில் அண்ணனை ஜப்பானியர் பிடித்துப்போய்த் தண்டவாளம் போட வைத்தார்கள். அதே தோட்டத்தில் தங்கை, ஜப்பானியரோடு கூட்டுச் சேர்ந்த ராணுவத்தில் சேர்ந்தாள். அந்தப் பாதையில் அவள் வண்டி போகும்போது அவள் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? வெள்ளைக்காரனை எதிர்க்கிறோம் என்ற பெருமையா? அண்ணன் எந்த ஸ்லீப்பர் கட்டைக்குப் பக்கத்தில் கிடக்கிறானோ என்ற துக்கமா? சரித்திரப் புத்தகம் தேதியைச் சொல்லும். இதைச் சொல்லாது. கதைதான் சொல்ல வேண்டும்.

சுடாத துப்பாக்கி

ராணிப் படை போர்முனையில் எதிரிகளைச் சுட்டு வீழ்த்தியதாகக் கதை சொல்கிறவர்கள் உண்டு. உண்மை வேறு. ரங்கூனுக்கும் அங்கிருந்து மேமியோவுக்கும் போனார்கள். இம்பாலை நோக்கி முன்னேற உத்தரவு வரும் என்று காத்திருந்தார்கள். உத்தரவு வருவதற்குள் இம்பால் போர் தோல்வியில் முடிந்தது. காயம்பட்டும் காய்ச்சலிலும் திரும்பி வந்த சிப்பாய்களுக்கு, விமானக் குண்டுகளுக்கு நடுவே அந்தப் பெண்கள் பணிவிடை செய்தார்கள்.

1945-இல் பின்வாங்க வேண்டியதாயிற்று. முன்னதாக ரயிலில் அனுப்பப்பட்ட ஒரு குழுவைக் கெரில்லாக்கள் தாக்கினார்கள். ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஏப்ரல் 24 அன்று கடைசிக் குழு நேதாஜியுடன் ரங்கூனை விட்டுப் புறப்பட்டது. ஜானகி தேவர் அந்தக் குழுவில் இருந்தார். பகலில் விமானங்களுக்குப் பயந்து மறைவில் கிடந்து, இரவில் சேற்றிலும் மழையிலும் நடந்தார்கள். பெண்களை விட்டுவிட்டு முன்னால் போக நேதாஜி சம்மதிக்கவில்லை, அவரும் நடந்தார்.

இதில் வெற்றி முழக்கம் இல்லை. ஆனால் காலில் கொப்புளத்தோடு, தோளில் மூட்டையோடு, ஒருத்தியை ஒருத்தி தாங்கிப் பிடித்து நடந்த அந்த நடைக்கு எந்தப் போர்க்களக் காட்சி ஈடாகும்? இல்லாத போரை எழுதுகிறவர், இருந்த வீரத்தை மறைத்துவிடுகிறார்.

நாவல்கள் சொன்னதும் சொல்லாததும்

தமிழில் இந்த யுத்தத்தைப் பற்றி நல்ல நாவல்கள் வந்திருக்கின்றன. முதலில் சொல்ல வேண்டியது 1972-இல் வெளிவந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. சிங்கம்புணரியில் பிறந்து, பிழைப்புக்காக மேடான் போய், யுத்தத்தை நேரில் பார்த்துவிட்டு 1946-இல் ஊர் திரும்பியவர் சிங்காரம். அதன் நாயகன் பாண்டியன் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். படிப்பவரை விடாமல் இழுத்துப் போகும் நாவல். ஆனால் அது ஆண்களின் உலகம்.

மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' அந்தப் பாதையில் மாண்டவர்களுக்கு எழுத்தில் எழுப்பிய நினைவுக் கல். ஆங்கிலத்தில் அமிதவ் கோஷ் 2000-இல் எழுதிய 'கண்ணாடி மாளிகை' பர்மாவையும் மலாயா ரப்பர் தோட்டத்தையும் இந்திய தேசிய ராணுவத்தையும் ஒன்றாகப் பின்னியது. அதிலும் படைக்குள் நம்மை அழைத்துப்போகிறவன் ஓர் ஆண் அதிகாரிதான்.

ஐரோப்பாவில் நடந்ததைப் பாருங்கள். ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த பெல்ஜியத்தில் ஆந்த்ரே தெ யோங் என்ற இளம்பெண், சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களில் தப்பிப் பிழைத்தவர்களை ஒளித்துவைத்து, பிரான்சைக் கடந்து, பிரனீஸ் மலை தாண்டி ஸ்பெயினுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1943-இல் பிடிபட்டு வதை முகாமில் கிடந்து உயிர் பிழைத்தார். கிறிஸ்டின் ஹன்னா என்ற அமெரிக்க எழுத்தாளர் அவரை மனத்தில் வைத்து 2015-இல் எழுதிய 'நைட்டிங்கேல்' நாவல் பல மொழிகளில் லட்சக்கணக்கில் விற்றது. பெல்ஜியம் எங்கே என்று தெரியாதவர்களும் அந்தப் பெண்ணுக்காகக் கண்ணீர் விட்டார்கள். ஒரு நல்ல நாவல் அந்த வேலையைச் செய்யும்.

நம் பெண்களுக்கு ஏன் அப்படி அமையவில்லை? லட்சுமி தன் நினைவுகளை எழுதினார். ஜானகியும் ராசம்மாவும் பேட்டிகளில் பேசினார்கள். எழுதவும் பேசவும் தெரிந்தவர்களின் பெயர் நின்றது. கைநாட்டு வைத்தவர்களின் பெயர் போயிற்று. யுத்தம் முடிந்ததும் அந்தப் பெண்கள் காக்கியைக் கழற்றிவிட்டு மறுபடி சேலை கட்டி, மறுபடி பெரட்டுக்குப் போனார்கள். கல்யாணமான பிறகு, சிப்பாயாக இருந்ததை வெளியே சொல்லாமல் மறைத்தவர்களும் உண்டு.

கேட்க வேண்டிய நேரம்

கேப்டன் லட்சுமி பர்மாவில் கைதாகி 1946-இல் இந்தியா வந்தார். மறு ஆண்டு பிரேம் சேகலை மணந்து கான்பூரில் குடியேறி, முதுமை வரை ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார். 1998-இல் பத்மவிபூஷண் பெற்றார்; 2002-இல் ஜனாதிபதி தேர்தலில் நின்றார்; 2012 ஜூலை 23 அன்று தமது 97-ஆம் வயதில் காலமானார். மலேசியாவில் பொதுவாழ்வில் பேர் பெற்ற ஜானகி 2014-இல் மறைந்தார். 1943-இல் பதினெட்டு வயது என்றால் இன்று நூறைத் தாண்டியிருக்கும். நேரில் பார்த்தவர்களைக் கேட்கும் காலம் ஏறக்குறையக் கடந்துவிட்டது.

கேட்டவர்களைக் கேட்கும் காலம் இன்னும் இருக்கிறது. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், "பெரியப்பா மலாயா போனார், வரவே இல்லை", "அத்தை ஒருத்தி சிங்கப்பூரில் சிப்பாயாக இருந்தாளாம்" என்று பாட்டிகள் சொல்வதை யாராவது கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டவர்கள் அதை வெறும் பாட்டிக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். பெயர், ஊர், தோட்டம், போன வருஷம் ஆகிய நான்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பெட்டியடியில் பழைய கடிதமோ போட்டோவோ கிடந்தால் பத்திரப்படுத்துங்கள்.

அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் படிக்கும் பேத்தி ஒருத்தி, நாளைக்கு அந்த நாவலை எழுதக்கூடும்.