உங்களுக்குத் தெரியுமா? பீரங்கி, கல்வெட்டு, சங்கு

★ 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், சென்னைத் துறைமுகத்தின் மீது சுமார் 130 குண்டுகளை இறைத்துவிட்டுப் போனது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற 'சுப்ரா' என்ற சரக்குக் கப்பலும் அடி வாங்கியது. ஐந்து பேராவது இறந்தார்கள். அடுத்த நாள்களில் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் ஏராளம். இத்தனைக்கும் நினைவாக நிற்பது, உயர்நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் ஒரு சிறு கல்வெட்டு. பஸ்ஸில் போகிறவர் கண்ணில் படாது. நடந்து போகிறவரும் தேடித்தான் பார்க்க வேண்டும். வந்து சுட்ட கப்பலின் பெயரைக் கல் சொல்கிறது. செத்தவர்கள் யார் என்பதற்கு அதில் இடமில்லை.

★ ராயபுரத்துக்கும் பீச் ஸ்டேஷனுக்கும் இடையே 'கிளைவ் பேட்டரி' என்கிறோமே, அங்கே ஒரு காலத்தில் பீரங்கிகள் கடலைப் பார்த்து நின்றன. மின்சார ரயிலில் தினமும் அந்தப் பக்கம் போகிறவர்கள்கூட இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

★ எம்டனின் பீரங்கி ஒன்றைப் பார்க்க வேண்டுமா? ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குப் போக வேண்டும். 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே எம்டனை வீழ்த்தியது 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியக் கப்பல். வென்றவர்கள் பீரங்கி ஒன்றைக் கழற்றிக் கொண்டுபோய் ஹைட் பூங்காவின் மூலையில் நிறுத்திவிட்டார்கள். நம் துறைமுகத்தைச் சுட்ட பீரங்கிகளில் ஒன்றாகவும் அது இருக்கலாம். எம்டனில் கிடைத்த மெக்சிகோ வெள்ளி நாணயங்களையும் விடவில்லை. வளையம் பொருத்திப் பதக்கமாக்கி, சிட்னியின் மாலுமிகளுக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள்.

★ எம்டன் என்பது வட ஜெர்மனியில் ஒரு துறைமுக ஊர். அதன் நகரச் சின்னத்தில் மதில்மேல் இருப்பது பாதி பெண், பாதி பறவை. கீழே கடல் அலை. 1495-ல் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் வழங்கிய சின்னம் இது. உள்ளூர்க்காரர்கள் அதைச் செல்லமாக 'மதில்மேல் குட்டித் தேவதை' என்பார்கள். சென்னைக்கு வந்த தேவதை எப்படிப்பட்டது என்று பர்மா ஆயில்காரர்களைத்தான் கேட்க வேண்டும்! கப்பல் போன பிறகும் பெயர் போகவில்லை. உயிர் பிழைத்த மாலுமிகள் தங்கள் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்பதைச் சேர்த்துக்கொள்ள ஜெர்மன் அரசு அனுமதித்தது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே பெயரோடு வளர்ந்தார்கள். கல்லில் வெட்டிவைப்பதைவிட இது கெட்டியான ஏற்பாடு என்றே தோன்றுகிறது.

★ 'எம்டன் கப்பலில் விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை இருந்தார்' என்று மேடைதோறும் கேட்டிருப்பீர்கள். அவர் அப்போது இருந்தது ஐரோப்பாவில். ஆனால் அவருக்கும் போர்க்கப்பலுக்கும் உள்ள உண்மையான தொடர்பை மேடையில் யாரும் சொல்வதில்லை. 1934-ல் பெர்லினில் இறந்தவரின் அஸ்தியை மனைவி லட்சுமிபாய் பல்லாண்டு காத்துவைத்திருந்தார். 1966-ல்தான் அது ஊர் திரும்பியது. கொச்சிக்குக் கொண்டுவந்தது இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். டெல்லி. அந்தக் கப்பலும் லேசுப்பட்டதல்ல. 'அகிலிஸ்' என்ற பழைய பெயரில், 1939-ல் ரிவர் பிளேட் சண்டையில் ஜெர்மன் கப்பலோடு மோதியது. அதன் பீரங்கிக் கூண்டு ஒன்று இன்று நியூசிலாந்தில், டெவன்போர்ட் கடற்படைத் தளத்தில் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

★ 1971 நவம்பரில் பாகிஸ்தானின் நீர்மூழ்கி 'காஸி', நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடிச் சென்னைக் கடலுக்கு வந்தது. விக்ராந்த் அதற்கு முன்பே அந்தமான் பக்கம் போயிருந்தது. ஏமாந்த காஸி வடக்கே நகர்ந்து, டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்தருகே மூழ்கியது. அதில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. அந்தப் போரின் வெற்றி நினைவுச்சின்னம் விசாகப்பட்டினக் கடற்கரையில் இருக்கிறது. விக்ராந்தோ கடைசியில் உடைக்கப்பட்டு, அதன் இரும்பில் ஒரு பகுதி 2016-ல் பஜாஜ் பைக்கானது.

★ சென்னைக் கோட்டைக்குப் பெயர் கொடுத்த அதே புனித ஜார்ஜின் சிலுவை, நம் கடற்படைக் கொடியிலும் 2022 வரை பறந்தது. இடையில் 2001-ல் எடுத்தார்கள், 2004-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2022 செப்டம்பர் 2 முதல் அங்கே எண்கோண முத்திரை. வடிவம் சிவாஜியின் ராஜமுத்திரையிலிருந்து எடுத்தது. உள்ளே நங்கூரம், 'சம் நோ வருண:' என்ற வாசகம். வருணன் நமக்கு நன்மை செய்யட்டும் என்று பொருள். வருணனை நெய்தல் நிலத்துத் தெய்வம் என்கிறது தொல்காப்பியம். ஆகவே காசிமேட்டு மீனவர்களுக்கு இவர் ஒன்றும் வெளியாள் இல்லை.

★ ஒவ்வொரு போர்க்கப்பலுக்கும் தனி முத்திரை உண்டு. முன்பு பிரிட்டனில் கப்பலுக்குக் கப்பல் தன்னிஷ்டம்தான். 1918 முதல் சார்லஸ் ஃபோக்ஸ் என்பவர் அதற்கு ஒழுங்கு கொண்டுவந்தார்: பெரிய போர்க்கப்பலுக்கு வட்டம், குரூசருக்கு ஐங்கோணம், டெஸ்ட்ராயருக்குக் கேடயம்.

★ எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளி எல் அண்டு டி தளத்தில் 2022 டிசம்பர் 20 அன்று தண்ணீரில் இறங்கியது ஐ.என்.எஸ். அர்னாலா. ஆழமில்லாத கடலில் நீர்மூழ்கிகளைத் தேடி அடிக்கும் கப்பல். பெயர் மராட்டியக் கடற்கோட்டை ஒன்றுடையது. முத்திரையில் வாளுமில்லை, சிங்கமுமில்லை; நீல நிறத்தின்மேல் திருகாணிபோல் சுழன்று கூராகும் ஒரு சங்கு. வாசகம் 'அர்ணவே சௌர்யம்', கடலில் வீரம். இதே பெயரில் முன்பு சோவியத் நாட்டுக் கப்பல் ஒன்று நம் கடற்படையில் இருந்து 1999-ல் ஓய்வுபெற்றது. பழைய கப்பலின் பெயரைப் புதியதற்குச் சூட்டுவது கடற்படை வழக்கம். நம் வீடுகளில் பேரனுக்குத் தாத்தா பெயர்.